தீவனத்தில் கலக்கும் நானோ உலோகங்கள்: அனுமதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தீவனச் சேர்க்கைகளுக்கும் உணவுச் சேர்க்கைகளுக்கும் அனுமதி வழங்கும் நிபுணர் குழுவினருக்கு,

நானோ வடிவில், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கும் மிகச் சிறு துகள்களாக, உள்ள ஓர் உலோக ஆக்சைடைத் தீவனத்தில் கலக்க அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு குழு அதன் மீது எடுத்த முடிவைப் படித்தேன். இந்த உலோகம் ஏற்கெனவே அனுமதி பெற்றதுதான், அதனால் உறுப்புகளில் கூடுதல் ஆய்வு தேவையில்லை. முடிவின் சாரம் இவ்வளவுதான். அந்த விண்ணப்பத்தோடு போன திசு அறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. விலங்குகளின் கல்லீரலில் நாங்கள் கண்ட மாற்றம், அந்தப் பொருளை நிறுத்திய பிறகு சரியாகிறதா இல்லையா என்று தெரியவில்லை, அதைப் பார்க்க இன்னொரு கட்ட ஆய்வு வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருந்தோம். அதற்குப் பதிலே இல்லை.

எந்த நிறுவனம், எந்தக் குழு என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்த ஒரு கோப்போடு முடிகிற விஷயமாக இருந்தால் முறைப்படி மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருப்பேன். ஆனால் "அதே உலோகம்தானே" என்ற வாதம் வேறு வேறு கோப்புகளில், வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கால்நடை நோய்க்குறியியல் படித்தவள். விலங்குகளின் உறுப்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில். எலிகளின் கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல், குடல் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அதே உலோகத்தைச் சாதாரணத் தூளாகத் தின்ற எலியின் ஸ்லைடையும் நானோ துகளாகத் தின்ற எலியின் ஸ்லைடையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள், இரண்டும் ஒன்று என்று அவ்வளவு எளிதில் சொல்லமாட்டார்கள்.

ஏன் ஒன்றல்ல என்பதற்கு முதலில் ஒரு கணக்கு. 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) குறுக்களவுள்ள ஒரு உலோகத் துகளை 10 நானோமீட்டர் துகள்களாக உடைத்தால் நூறு கோடித் துகள்கள் கிடைக்கும். எடை மாறவில்லை. மேற்பரப்பு மட்டும் 1000 மடங்கு கூடுகிறது. அமிலமும் புரதமும் செல் சவ்வும் சந்திப்பது அந்த மேற்பரப்பைத்தான். உங்கள் விதிகளோ இன்னமும் ஒரு கிலோ தீவனத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்று எடையில் மட்டுமே பேசுகின்றன.

2006இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட செம்பு ஆய்வு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சுண்டெலிகளுக்கு வாய்வழியாகச் செம்பைக் கொடுத்து, பாதி விலங்குகளைக் கொல்லும் அளவைக் கணக்கிட்டார்கள். 17 மைக்ரான் அளவுள்ள செம்புத் தூளுக்கு அது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5000 மில்லிகிராமுக்கும் மேல். கிட்டத்தட்ட நச்சே இல்லை என்று ஒதுக்கிவிடலாம். 23.5 நானோமீட்டர் செம்புத் துகளுக்கு அதே அளவு 413 மில்லிகிராம். கரையும் செம்பு உப்பான காப்பர் குளோரைடுக்கு 110. நானோ செம்பு கொடுத்த விலங்குகளில் சிறுநீரகமும் கல்லீரலும் மண்ணீரலும் அடிபட்டன. சிறுநீரகத்தின் நிறமே வெண்கலம் போல மாறியது, மண்ணீரல் சுருங்கியது. பெரிய துகளைத் தின்றவை அந்த நிலைக்குப் போகவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இரைப்பை அமிலம். அளவில் சிறிய துகள் அமிலத்தோடு மிக வேகமாக வினைபுரிந்து செம்பு அயனிகளை, அதாவது கரைந்து மின்னூட்டம் பெற்ற செம்பு அணுக்களை, கொட்டுகிறது. அந்த வினையில் அமிலமும் செலவாகிவிடுவதால் உடலின் அமிலக் காரச் சமநிலை குலைகிறது. வெளியேற்றும் சுமை முழுவதும் சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது.

சரி, அப்படியானால் நச்சு என்பது அயனியுடையதுதானே, அயனியின் தரவு நம்மிடம் இருக்கிறதே என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஓரளவு நியாயமான கேள்வி. ஆனால் எந்தத் துகள் எங்கே எவ்வளவு கரைகிறது என்பது உலோகத்துக்கு உலோகம் மாறுகிறது. துத்தநாக ஆக்சைடு இரைப்பை அமிலத்தில் பெருமளவு கரைந்துவிடும். டைட்டானியம் டை ஆக்சைடு கரையாது, உள்ளே போனது துகளாகவே தங்கும். வெள்ளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2012இல் வெளியான ஓர் எலி ஆய்வில், வெள்ளியை உப்பாகக் கொடுத்த விலங்குகளின் உடலிலேயே வெள்ளி நானோ துகள்கள் உருவாகியிருந்தன. துகளாகப் போவது அயனியாகிறது, அயனியாகப் போவது துகளாகிறது. இப்படிப்பட்ட பொருளுக்குப் பழைய தரவு பொருந்தும் என்று சொல்வதற்கு முன், கரைதிறனை அளந்து காட்ட வேண்டாமா? நான் பார்த்த கோப்பில் இரைப்பைச் சூழலில் கரைதிறன் என்ற பகுதியே காலியாக இருந்தது.

விழுங்கிய துகளில் மிகச் சிறு பங்குதான் குடலைத் தாண்டுகிறது என்பது உண்மை. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். டைட்டானியம், தங்கம் போன்றவற்றில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதை வைத்துத்தான் "உறிஞ்சுவதே இல்லை, பிறகென்ன" என்று விண்ணப்பங்கள் எழுதப்படுகின்றன. ஆனால் பண்ணை விலங்கு ஒரு நாள் மட்டுமா தின்கிறது? வாழ்நாள் முழுக்க, ஒவ்வொரு வேளையும் அதே தீவனம். வெளியேறாமல் தங்குகிற பொருள் சொற்பமாக உள்ளே போனாலும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

எங்கே சேர்கிறது என்பதும் தெரியாத விஷயமல்ல. குடல் சுவரில் பேயர் திட்டுகள் என்ற நிணநீர்த் திசு இருக்கிறது. கிருமிகளைப் பிடித்து நோய் எதிர்ப்புச் செல்களிடம் காட்டுவது அதன் வேலை, அதனால் துகள்களை உள்ளே இழுக்கும் வாசலாகவும் அது ஆகிவிடுகிறது. தங்கத் துகள்களை 4, 10, 28, 58 நானோமீட்டர் அளவுகளில் சுண்டெலிகளுக்குக் கொடுத்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், துகள் சிறிதாகச் சிறிதாக உறுப்புகளுக்குள் போவது கூடியது. குடலைத் தாண்டியது, குடலிலிருந்து இரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே கல்லீரலின் விழுங்குசெல்களான குப்பர் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. மிச்சத்தை மண்ணீரலின் விழுங்குசெல்கள் பிடிக்கின்றன. செல்லுக்குள் போன துகள், செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குள் அடைபடுகிறது. அந்தப் பைக்குள்ளும் அமிலச் சூழல்தான். கரையக்கூடிய உலோகமாக இருந்தால் செல்லின் உள்ளேயே அயனி கசியத் தொடங்கும். செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும், சவ்வுக் கொழுப்புகள் ஆக்சிஜனேற்றம் அடையும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகும். கல்லீரல் செல் சிதைந்தால் கசியும் ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகள் இரத்தத்தில் ஏறுவது கடைசியில்தான் தெரியவரும்.

ஸ்லைடில் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் முடிவெடுக்கிற பலர் ஸ்லைடைப் பார்ப்பதில்லை, சுருக்க அட்டவணையைத்தான் பார்க்கிறீர்கள். வெள்ளித் துகள் தின்ற எலியின் சிறுகுடலில், விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளின் நுனித் திசுவில் பழுப்பும் கறுப்புமான குருணைகள் படிந்திருக்கும். சளி சுரக்கும் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் காலியாகியிருக்கும். கல்லீரலில் போர்ட்டல் பகுதிகளைச் சுற்றி அழற்சிச் செல்கள், பித்தநாளத்தின் உள்வரிச் செல்கள் பெருகி நாளங்களின் எண்ணிக்கை கூடியிருக்கும் காட்சி. சிறுநீரகத்தில் நுண்குழல்களின் செல்கள் வீங்கி, சில இடங்களில் உதிர்ந்து, குழலுக்குள்ளேயே கிடக்கும். இவற்றில் எதுவும் விலங்கைப் பார்த்தால் தெரியாது. அது தின்னும், நடக்கும், எடையும் கூடும். "உடல் எடையிலும் நடத்தையிலும் மாற்றமில்லை" என்ற வரி அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும், பித்தநாளப் பெருக்கம் இணைப்பின் உள்ளே எங்கோ இருக்கும். முதல் பக்கத்தை வைத்து முடிவெடுக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

பித்தநாள மாற்றம் ஏதோ எங்கள் ஆய்வுக்கூடத்தின் கற்பனை அல்ல. 2010இல் வெளியான 90 நாள் எலி ஆய்வில், ஏறத்தாழ 56 நானோமீட்டர் வெள்ளித் துகளுக்கு அதே மாற்றம் பதிவாகியது. தீங்கு தெரியாத அளவு 30 மில்லிகிராம் என்றும் தீங்கு தெரியத் தொடங்கிய அளவு 125 மில்லிகிராம் என்றும், உடல் எடையில் கிலோவுக்குக் கணக்காக, அந்த ஆய்வாளர்கள் குறித்தார்கள். அதற்கு முன் 2008இல் வந்த 28 நாள் ஆய்வில் பெண் எலிகளின் சிறுநீரகத்தில் ஆண் எலிகளைவிட இரு மடங்கு வெள்ளி சேர்ந்திருந்தது. இது தெரிந்த பிறகும் ஆண் எலிகளை மட்டும் வைத்து முடித்த ஆய்வுகளை முழுமையானவை என்று எப்படி ஏற்கிறீர்கள்? முட்டையும் பாலும் தரும் விலங்குகள் பெண் விலங்குகள்தானே.

பொருளை நிறுத்திய பிறகு விலங்கைக் கவனிக்கும் மீட்சிக் காலத்தைப் பற்றி நாங்கள் கேட்டதற்கும் காரணம் இருந்தது. முன்பு சொன்ன 2012 ஆய்வில், 28 நாட்கள் வெள்ளி கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலான உறுப்புகளில் வெள்ளி வடிந்திருந்தது, மூளையிலும் விந்தகத்திலும் மட்டும் போகாமல் நின்றது. நிறுத்திய அன்றே விலங்கைக் கொன்று அறுத்துப் பார்த்திருந்தால் இது தெரியவே வந்திருக்காது. மீட்சிக் குழு என்பது செலவைக் கூட்டும் ஆடம்பரம் அல்ல. காயம் ஆறுமா, தழும்பாகுமா என்பதற்கு அது ஒன்றுதான் பதில்.

அப்புறம் டோஸ். இங்கே எங்கள் தரப்பு ஆட்களைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கிலோவுக்கு 5 கிராம் என்று ஒரே தடவையில் துகளைக் கொட்டி, கல்லீரல் கெட்டது என்று முடிவு எழுதுகிற ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. எந்த விலங்கும் தீவனத்தில் அவ்வளவு தின்னாது. அந்த ஆய்வுகளை வைத்து எல்லா நானோ உலோகமும் கொடிய நஞ்சு என்று பரப்புபவர்களோடு நான் நிற்கவில்லை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அதிக அடர்த்தியில் நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கட்டியானால் குடலைத் தாண்டாது. குறைந்த டோஸில் துகள் தனித்தனியாக மிதந்து, விகிதத்தில் அதிகமாக உள்ளே போகக்கூடும். எங்கள் தொழிலின் வழக்கப்படி, உச்ச டோஸ் குழுவையும் துகளே கொடுக்காத கன்ட்ரோல் குழுவையும் முழுமையாகப் பார்த்து, அங்கே மாற்றம் தென்பட்ட உறுப்புகளை மட்டுமே நடு டோஸிலும் கீழ் டோஸிலும் பார்ப்போம். சாதாரண ரசாயனத்துக்கு இது சரியான வழி. நானோ துகளுக்கு, உச்ச டோஸில் ஒன்றுமில்லை என்பது கீழ் டோஸில் ஒன்றுமில்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. பல நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சோதனை முறைகளை வகுக்கும் ஓஇசிடி அமைப்பின் மூச்சுவழி நச்சுத்தன்மைக்கான வழிமுறைகளை 2018இல் நானோ பொருட்களுக்கு ஏற்றபடி திருத்தினார்கள். வாய்வழி ஆய்வுகளுக்கும் அதே கவனம் ஏன் இல்லை?

என்னை மிகவும் வேதனைப்படுத்துவது வேறொன்று. எத்தனையோ ஆய்வுகளில் விலங்குகளைக் கொன்று, உறுப்புகளை வெட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்த துகளின் அளவை யாருமே அளக்கவில்லை என்று தெரியவருகிறது. பாக்கெட்டின் மேல் "50 நானோமீட்டருக்குக் கீழ்" என்று அச்சிட்டிருந்ததை அப்படியே எழுதியிருப்பார்கள். தீவனத்தில் கலந்த பிறகு என்ன அளவு, மேலே என்ன பூச்சு, இரைப்பை நீரில் என்ன ஆகிறது, எதுவும் இருக்காது. அந்த எலிகள் செத்தது வீண். அப்படிப்பட்ட தரவை நீங்கள் ஏற்கும் வரை அடுத்த விண்ணப்பதாரரும் அதையேதான் கொண்டுவருவார். விலங்குகளின் மீது உண்மையான அக்கறை இருந்தால், துகளை அளக்காத ஆய்வைத் தொடங்கவே விடக்கூடாது.

டைட்டானியம் டை ஆக்சைடு விஷயத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வெள்ளை நிறத்துக்காக உணவில் சேர்க்கும் இந்தப் பொருளுக்கு அமெரிக்காவில் 1966 முதல் அனுமதி, உணவின் எடையில் ஒரு சதவீதம் வரை. 2017இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளுக்குத் தினமும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 100 நாட்கள் கொடுத்தபோது, சில எலிகளின் பெருங்குடலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தோன்றின. பிரான்ஸ் 2020 ஜனவரியில் உணவில் அதை நிறுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதத்தில், உறிஞ்சல் குறைவு என்றாலும் உடலில் சேர வாய்ப்புண்டு, மரபணுச் சேதத்துக்கான ஐயத்தை விலக்க முடியவில்லை, எனவே இனி பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்றது. 2021 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் விலங்குத் தீவனத்தில் அதற்கு அனுமதி மறுத்தது, 2022இல் மனித உணவிலும் தடை வந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2023இல், உறிஞ்சல் மிகக் குறைவு என்பதைச் சுட்டி, தினசரி அளவுக்கு வரம்பே தேவையில்லை என்ற தன் பழைய முடிவில் நின்றது.

நான் அந்த இரு தரப்பில் யார் சரி என்று தீர்ப்பு சொல்ல வரவில்லை. இரண்டு தரப்பும் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதின. எதை ஏற்றார்கள், எதை ஒதுக்கினார்கள் என்று நான் படித்துப் பார்த்துச் சண்டை போட முடிகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். உணவுக்கான டைட்டானியத்தில் எண்ணிக்கைப்படி பாதிக்கு மேற்பட்ட துகள்கள் நானோ அளவில் இல்லை, ஆகவே அது சட்டப்படி நானோ பொருள் அல்ல என்று வாதிட இடம் இருந்தது. இருந்தும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதிலுள்ள நானோ பங்கை நானோ வழிகாட்டுதலின்படியே மதிப்பிட்டது. முழுக்க நானோவாகவே தயாரித்து, நானோ என்று சொல்லியே விற்க வரும் பொருளுக்கு உங்கள் குழு அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை.

துத்தநாகத்துக்கும் இப்போது அவசரம் காட்டப்படுகிறது. பால் மறந்த பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்க ஒரு கிலோ தீவனத்தில் துத்தநாகம் 2500 மில்லிகிராம் வரை சேரும்படி துத்தநாக ஆக்சைடு கலந்துவந்ததை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது. மண்ணில் சேர்வதும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதும் காரணங்கள். அந்த இடத்துக்குத்தான் நானோ துத்தநாகம் வருகிறது, குறைந்த அளவே போதும் என்ற வாக்குறுதியோடு. அது உண்மையாகவும் இருக்கலாம், நல்லதாகவும் முடியலாம். ஆனால் 13 வாரம் நானோ துத்தநாக ஆக்சைடு கொடுத்த எலிகளில் கணைய அழற்சி 2013லேயே பதிவாகியிருக்கிறது. குறைந்த அளவு போதும் என்பவர்கள், அந்தக் குறைந்த அளவில் கணையத்தின் ஸ்லைடைக் காட்டட்டும்.

வீட்டு விலங்குகளையும் விட்டுவிட முடியாது. கூழ்ம வெள்ளி என்ற பெயரில் நாய்க்கும் பூனைக்கும் வாய்வழியாகக் கொடுக்கச் சொல்லி விற்கப்படும் திரவத்தில் இருப்பதும் வெள்ளித் துகள்கள்தான். கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று பொதுவாக ஏற்கப்பட்டவை அல்ல என அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ மனிதர்கள் விஷயத்தில் 1999இலேயே சொல்லிவிட்டது. விலங்குக்குக் கொடுப்பவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அன்போடு கொடுக்கிறார்கள், என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

உலோகத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் நானோ வடிவத்துக்குப் பழைய அனுமதியை நீட்டிக்காதீர்கள். நானோ வடிவத்தைப் புதிய பொருளாகவே பரிசீலியுங்கள். பழைய தரவு பொருந்தும் என்று விண்ணப்பதாரர் சொன்னால், இரைப்பை நீரிலும் குடல் நீரிலும் கரைதிறனை அளந்து அதை நிறுவும் பொறுப்பு அவருடையது.

துகளின் அளவுப் பரவல், வடிவம், மேற்பூச்சு ஆகியவற்றைத் தீவனத்தில் கலந்த நிலையிலேயே அளந்து காட்டாத கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். இதை விலங்கு ஆய்வு தொடங்கும் முன்பே கேளுங்கள், முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

நானோ குழுவோடு அதே உலோகத்தின் உப்பு கொடுத்த குழுவும் பெரிய துகள் கொடுத்த குழுவும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆண், பெண் இரண்டும் வேண்டும். குறைந்தது எட்டு வார மீட்சிக் குழு வேண்டும். கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல், கணையம், மூளை, இனப்பெருக்க உறுப்புகள், பேயர் திட்டுகள் உள்ள குடல் பகுதி ஆகியவற்றை எல்லா டோஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். இதனால் ஆய்வுக்கு விலங்குகள் கூடும் என்று தெரியும். பயனற்ற ஆய்வுகளை நிறுத்தினால் மொத்தத்தில் குறையும்.

அனுமதி தரும் முன், விண்ணப்பதாரரிடம் சம்பளம் வாங்காத ஒரு நோய்க்குறியியலாளர் அந்த ஸ்லைடுகளை மறுபடி பார்க்கட்டும். திசு அறிக்கையை முழுமையாக வெளியிடுங்கள், சுருக்கம் போதாது.

விலங்குகளுக்கு விற்கும் கூழ்ம வெள்ளியின் மேல், அதில் நானோ துகள் இருக்கிறது என்பதையும், உள்ளே கொடுப்பதற்குப் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்பதையும் அச்சிடச் செய்யுங்கள்.

கடைசியாக, இந்த மடலின் தொடக்கத்தில் சொன்ன முடிவு. எடுத்த குழுவுக்கு அது எது என்று தெரியும். அந்தக் கோப்பை மறுபடி திறந்து, மீட்சிக் கட்ட ஆய்வு முடியும் வரை அனுமதியை நிறுத்தி வையுங்கள். அந்த ஆய்வு தேவையில்லை என்றே இன்னும் நினைத்தால், ஏன் என்பதை அறிவியல் காரணங்களோடு எழுத்தில், பொதுவில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை நோய்க்குறியியல் மருத்துவர்